ராஸ்பெர்ரி பையில் ஓர்கா முதல் எழுத்தை விழுங்குகிறது: வேறு குரல் போடலாமா?

கேள்வி

வணக்கம். எனக்குப் பார்வை இல்லை. பல வருடமாக விண்டோஸில், திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ நிரல்தான். இப்போது ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, 2 ஜிபி நினைவகம். முதல் தடவை இயக்கியதுமே அது பேசி, கண்ட்ரோல் ஆல்ட் ஸ்பேஸ் அழுத்தச் சொன்னது. அழுத்தினேன், ஓர்கா என்ற திரைவாசிப்பு நிரல் வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாமல் நானே நிறுவிய முதல் கணினி இது.

ஆனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு விசையைத் தொட்டால் தொடக்கம் காணாமல் போகிறது. "கோப்புகள்" என்பது "புகள்" என்று கேட்கிறது. ஒற்றை எழுத்து என்றால் ஒன்றுமே இல்லை. என்ன எழுத்து என்று பார்க்க மறுபடி அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது. எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் நிரலில்தான் கோளாறு என்று, பைப்பர் என்ற வேறு நிரலில் ஓர் ஆங்கிலக் குரலைப் போட்டுப் பார்த்தேன். குரல் அருமை. ஆனால் ஒவ்வொரு விசைக்கும் ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது, தொடக்கம் அதிலும் போகிறது. எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்கிறேன். வேறு எந்த சின்தசைசர் (குரல் தரும் நிரல்) போடலாம்?

மறுமொழி 1

தம்பி, குரலை மாற்ற வேண்டாம். இரண்டு குரலிலும் ஒரே குறை என்றால் தவறு குரலில் இல்லை, அதற்குப் பிறகு ஒலி போகும் வழியில் இருக்கிறது. உறுதி செய்ய, ஈஸ்பீக்கை நேரடியாக ஒரு வேவ் ஒலிக்கோப்பாக எழுதச் சொல்லி, அதை வேறு கணினியில் கேளுங்கள். "கோ" முழுசாக இருக்கும்.

புதிய ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் ஒலியைப் பைப்வயர் என்ற நிரல் கவனிக்கிறது. 5 விநாடி சத்தம் இல்லையென்றால் ஒலிக்கருவியைத் தூங்க வைத்துவிடும். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. நமக்கோ ஒவ்வொரு சொல்லும் புதிதாகத் தொடங்கும் ஒலி. எச்டிஎம்ஐ என்றால் மானிட்டரும் தன் பங்குக்குத் தூங்கி, சத்தம் வந்த பிறகுதான் விழிக்கும்.

பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் நிரலின் அமைப்பில் "செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்" என்ற மதிப்பை 0 ஆக்குங்கள். 0.4 பதிப்பு என்றால் அது லுவா கோப்பு, 0.5 முதல் கான்ஃப் கோப்பு. பதிப்பைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஒலி அமைப்பைத் தொடும் முன் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) இயக்கி வையுங்கள், இதை மட்டும் மறக்கவே கூடாது. ஏதாவது தவறிப் பேச்சு நின்றுவிட்டால் நமக்குத் திரையே போன மாதிரி. எஸ்எஸ்எச் இருந்தால் விண்டோஸிலிருந்து உள்ளே போய், என்விடிஏ படிக்கப் படிக்கச் சரிசெய்யலாம். நான் அப்படி வைக்காமல், மெமரி கார்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

மறுமொழி 2

பைப்பர் பற்றி ஒரு வார்த்தை. அது நரம்பு வலைக் குரல். ஓர்காவுக்கும் குரலுக்கும் இடையில் நிற்கும் ஸ்பீச் டிஸ்பேட்சரில் பொதுக் கட்டளையாக இணைத்திருந்தால், ஒவ்வொரு முறை பேசவும் பல பத்து எம்பி மாதிரிக் கோப்பைப் புதிதாக நினைவகத்தில் ஏற்றும். அந்த ஒரு விநாடி பெரும்பாலும் அதுதான். விசை அழுத்தும்போது இனிமையை விட உடனடிப் பதில்தான் முக்கியம். நீளமான கட்டுரை, நாவல் என்றால் பைப்பரிடம் கொடுத்து முன்கூட்டியே ஒலிக்கோப்பாக மாற்றிவைத்துக் கேளுங்கள். அதற்கு அது மிக நல்லது.

ஈஸ்பீக்கைக் குறைவாக எண்ண வேண்டாம். முழுச் சொற்களாகப் பதிவு செய்த மனிதக் குரல் அதில் இல்லை, சில மெய்யொலிகளின் சிறு பதிவுகள் தவிர ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்குகிறது. அதனால்தான் சில எம்பியில் அடங்குகிறது, வேகத்தைக் கூட்டினாலும் எழுத்துகள் கலங்குவதில்லை. 1995-இல் ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கணினிக்காக எழுதப்பட்ட நிரலின் வழிவந்தது அது. உங்கள் பையில் ஓடும் ஏஆர்எம் சில்லும் ஏகார்னில் பிறந்ததே. தமிழ்க் குரலில் வைத்திருந்தாலும், ரோமன் எழுத்துச் சொல் வந்தால் ஆங்கில விதிப்படி படித்துவிடும். கரகரப்பு உறுத்தினால் பெண்குரல் வகைகளை மாற்றிப் பாருங்கள். இயல்பு வேகம் நிமிடத்துக்கு 175 சொல். வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள், காது பழகிவிடும்.

கேட்டவர்

அண்ணா, வேவ் கோப்பைக் கேட்டேன். "கோப்புகள்" தெளிவாக இருந்தது. எஸ்எஸ்எச் போட்டுவிட்டு மதிப்பை 0 ஆக்கினேன். பாதி சரியானது: ஒரு நிமிடம் வரை நன்றாகப் பேசுகிறது, அதன் பிறகு முதல் எழுத்து மறுபடி போகிறது.

மறுமொழி 1

அது மானிட்டரின் தூக்கம். அதை நம்மால் எளிதாக எழுப்ப முடியாது. பை 4-இல் 3.5 மிமீ ஹெட்போன் துளை இருக்கிறதே, அதில் செருகி, ஒலி வெளியீட்டையும் அதற்கு மாற்றுங்கள். இதைப் படித்துப் புதிதாக வாங்க நினைப்பவர்களும் கவனிக்கவும்: பை 5, பை 400, ஜீரோ எதிலும் அந்தத் துளை இல்லை. யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்று கையில் இல்லாமல் அவற்றைத் தொடங்க வேண்டாம்.

கேட்டவர்

ஹெட்போனுக்கு மாற்றினேன். பத்து நிமிடம் கைவைக்காமல் இருந்துவிட்டு அம்புக்குறியை அழுத்தினேன். "கோ" முதற்கொண்டு முழுதாகச் சொன்னது. பைப்பரை ஓர்காவிலிருந்து எடுத்துவிட்டேன். ஈஸ்பீக் 220-இல் ஓடுகிறது.