பாஸ்கலில் அப்பாச்சி மாட்யூல்: சர்வருக்கு உள்ளேயா, வெளியேயா?

புதுநிரல்:
64-பிட் லினக்ஸ் கணினியில் அப்பாச்சி 2.4 வலை சர்வர் இயங்குகிறது. பல ஜிகாபைட் அளவுள்ள கோப்புகளை அது நேரடியாக வழங்குகிறது. கோரிக்கையுடன் வரும் டோக்கனை, அதாவது அனுமதிச் சீட்டு போன்ற குறியீட்டை, சரிபார்த்த பிறகே கோப்பை அனுப்ப வேண்டும் என்பது புதிய தேவை. சரிபார்க்கும் நிரலைப் பல ஆண்டுகளாகப் பாஸ்கலில் வளர்த்து வந்திருக்கிறோம். அதைச் சி மொழியில் மாற்றி எழுத மனமில்லை. ஃப்ரீ பாஸ்கல் 3.2.2 கம்பைலரை நிறுவி, அந்த நிரலை ஒரு மாட்யூலாக, அதாவது அப்பாச்சி தனக்குள் ஏற்றிக்கொள்ளும் பகிர்வு நூலகமாக, கட்ட முயன்றேன். கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் லிங்கரோ, பகிர்வு நூலகத்தில் பயன்படுத்த முடியாத முகவரிக் குறிப்பு ஒன்று இருப்பதாகவும், பிஐசி முறையில் மீண்டும் கம்பைல் செய்யுமாறும் சொல்லி நின்றுவிடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது? மாட்யூல் என்ற வழியே சரியானதுதானா?

மாறிலி:
வழி சரியானது. கோளாறு தங்கள் நிரலில் இல்லை, கம்பைலரை அமைத்த விதத்தில் இருக்கிறது. பகிர்வு நூலகம் நினைவகத்தில் எந்த முகவரியிலும் ஏற்றப்படலாம் என்பதால், அதற்குள் செல்லும் ஒவ்வொரு யூனிட்டும், அதாவது பாஸ்கல் நிரலின் ஒவ்வொரு தனிப் பகுதியும், இடம் சாராத குறிமுறையாக (பிஐசி) இருக்க வேண்டும். அதற்கான விருப்பம் '-சிஜி'. பலர் அதைச் சேர்த்த பிறகும் இதே செய்தியைக் காண்கிறார்கள். மூல நிரல் மாறியிருந்தால்தான் கம்பைலர் ஒரு யூனிட்டை மீண்டும் கம்பைல் செய்யும். விருப்பம் மட்டும் மாறினால், முன்பு கம்பைல் செய்து கிடந்த '.ஓ', '.பிபியு' கோப்புகளையே எடுத்துக்கொள்ளும். தங்களுடைய சரிபார்ப்பு யூனிட்கள் ஏற்கெனவே சாதாரண நிரலுக்காகக் கம்பைல் செய்யப்பட்டு அதே கோப்புறையில் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றை நீக்கிவிட்டு '-பி' விருப்பத்துடன், அதாவது பெரிய பி எழுத்துடன், முழுவதையும் கட்டுங்கள். மாட்யூலுக்கென்று '-எஃப்யு' (இதிலும் யு பெரிய எழுத்து) வழியாகத் தனி வெளியீட்டுக் கோப்புறை வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் மறுபடி வராது.

இழைநூல்:
நண்பர் மாறிலி சொன்ன தீர்வு சரி. அவர் காட்டிய வழியை நான் ஏற்கவில்லை. லிங்கர் பிழை இந்தப் பாதையில் வரும் சிக்கல்களிலேயே எளியது, ஏனென்றால் அது கட்டும்போதே கண்ணில் படுகிறது. இயங்கும்போது வருபவைதான் ஆபத்தானவை. இன்றைய லினக்ஸ் நிறுவல்களில் அப்பாச்சி 2.4 பெரும்பாலும் ஈவென்ட் முறையில் இயங்குகிறது; அதில் ஒரே செயல்முறைக்குள் பல இழைகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள், வேலை செய்கின்றன. அந்த இழைகளை உருவாக்குவது அப்பாச்சி. பாஸ்கலின் இயக்கநேர நூலகத்துக்கு அவை பிறந்ததே தெரியாது. மாட்யூலில் நினைவக முகவரியைக் காட்டும் ஒரு சுட்டி தவறினால், அந்தச் செயல்முறையில் இருந்த அத்தனை பேரின் பதிவிறக்கமும் நடுவில் அறுந்துவிடும். பல ஜிகாபைட் கோப்பில் 90 சதவீதம் இறங்கிய நிலையில் இணைப்பை இழப்பவருக்கு அது யாருடைய பிழை என்பது முக்கியமில்லை.

ஃப்ரீ பாஸ்கலுடனேயே வரும் எஃப்சிஎல்-வெப் தொகுப்பில் தனித்து இயங்கும் எச்டிடிபி சர்வரும், சர்வர் வெளி நிரலுடன் பேசும் நெறிமுறையான ஃபாஸ்ட்சிஜிஐ வசதியும் உள்ளன. சரிபார்ப்பைத் தனிச் செயல்முறையாக வைத்தால், அது விழுந்தாலும் அப்பாச்சி நிற்கும். 'சிதிரெட்ஸ்' யூனிட்டை முதல் யூனிட்டாகச் சேர்த்துவிட்டால் இழைகளை உருவாக்கும் பொறுப்பும் பாஸ்கலிடமே இருக்கும். '-ஜிஎச்' கொடுத்தால் விடுவிக்கப்படாத நினைவகம் எவ்வளவு என்று நிரல் முடியும்போது தானே அறிக்கை தரும். மாட்யூலாக வைத்து இவ்வளவு தெளிவாகப் பிழை தேட முடியுமா?

மாறிலி:
தனிச் செயல்முறையின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. கேள்வி கேட்டவரின் தேவையைப் பாருங்கள். கோப்பை வழங்கும் வேலை அப்பாச்சியிடமே இருக்க வேண்டும். இடையில் ஒரு கேள்விக்கு மட்டும் பாஸ்கல் பதில் சொல்ல வேண்டும். முழுக் கோரிக்கையையும் ப்ராக்ஸி வழியாக வெளியே அனுப்பினால், கோப்பைப் படித்து அனுப்புவதும், பாதியில் நின்ற பதிவிறக்கத்தைத் தொடர்வதும் பாஸ்கல் நிரலின் தலையில் விழும். மாட்யூலில் அணுகலைச் சோதிக்கும் ஹூக் ஒன்றை, அதாவது உரிய கட்டத்தில் அப்பாச்சி அழைக்கும் செயற்கூறு ஒன்றை, பதிவு செய்தால் போதும்: எண் 0 திருப்பினால் அனுமதி, -1 திருப்பினால் 'இது என் வேலை அன்று', 403 திருப்பினால் மறுப்பு. மிச்சம் அனைத்தையும் அப்பாச்சி வழக்கம்போலப் பார்த்துக்கொள்ளும்.

இழைநூல்:
அந்த ஒரு கேள்வியையும் வெளியே கேட்க முடியும். அப்பாச்சி 2.4.10 முதல் ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக அனுமதி கேட்பதற்கென்றே 'மாட்_ஆத்என்இசட்_எஃப்சிஜிஐ' என்ற மாட்யூல் உள்ளது. ஃபாஸ்ட்சிஜிஐ நெறிமுறையில் பதிலளிப்பவர் என்ற பங்கைத் தவிர அனுமதிப்பவர் என்ற பங்கும் உண்டு. அந்தப் பங்கில் இயங்கும் நிரல் 200 என்று பதில் தந்தால் கோப்பு செல்லும். கோப்பை வழங்குவது அப்பாச்சிதான். ஆகவே, உள்ளே நுழைந்தே தீர வேண்டும் என்ற வாதம் நிற்காது.

புதுநிரல்:
பழைய '.ஓ', '.பிபியு' கோப்புகளை நீக்கிவிட்டு '-பி', '-சிஜி' இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். லிங்கர் பிழை போய்விட்டது. இப்போது மாட்யூலை ஏற்றும்போது, எதிர்பார்த்த அடையாளம் 41503234, கண்டது 41503232 என்று கூறி அப்பாச்சி மறுக்கிறது. நிரலில் அந்த எண்ணை நானே மாற்றி எழுதிவிடலாமா?

ஏடு:
தயவுசெய்து மாற்றாதீர்கள். இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் சேர எண்ணியிருக்கவில்லை. இந்தக் கேள்வியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த எண்ணை இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து, பதினாறடிமான எண்ணாகப் படியுங்கள்: 41, 50, 32, 34. ஆஸ்கி அட்டவணையில் அவை முறையே 'ஏ', 'பி', '2', '4'. தங்கள் மாட்யூல் 32-இல் முடிகிறது, அதாவது அது 2.2 பதிப்புக்குரியது. 'எச்டிடிபிடி22' யூனிட்டைச் சேர்த்திருக்கிறீர்கள்; 'எச்டிடிபிடி24' யூனிட்டைச் சேர்க்க வேண்டும்.

இதே தவற்றை நான் செய்திருக்கிறேன். அடையாளத்தை மாற்றினேன், அடுத்ததாக மாட்யூல் பதிப்பெண் பொருந்தவில்லை என்று வந்தது. 2.2-க்கு அது 20051115, 2.4-க்கு 20120211. அதையும் மாற்றினேன். மாட்யூல் ஏறிவிட்டது, சில நாட்கள் இயங்கவும் செய்தது. இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் இணைப்பையும் கோரிக்கையையும் குறிக்கும் ரெகார்டுகள் மாறியிருக்கின்றன. என் நிரல் படித்த புலங்கள் வேறு இடத்துக்குப் போயிருந்தன. ஒரு புலத்தைப் படிப்பதாக நினைத்து வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். பாஸ்கலின் கண்டிப்பான வகைச் சோதனை, பாஸ்கலுக்கும் சி மொழிக்கும் இடையிலான எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. எல்லைக்கு அப்பால் சி மொழி எந்த வடிவத்தில் நினைவகத்தை அடுக்கியிருக்கிறது என்பதை நாம் எழுதிய அறிவிப்பிலிருந்து மட்டுமே கம்பைலர் அறிகிறது. அந்த எண்கள் நம்மைக் காப்பதற்காக வைக்கப்பட்டவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாங்களாகவே ஏதேனும் ரெகார்டை அறிவித்தால், சி முறையில் அடுக்குமாறு 'பேக்ரெகார்ட்ஸ் சி' என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும். டெல்ஃபி பயன்முறையில் சிறிய எனுமரேஷன் வகை (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) ஒரு பைட்டிலேயே அடங்கிவிடும்; சி மொழியில் அது வழக்கமாக 4 பைட்.

மாறிலி:
ஏடு சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இதே வகையில் என்னை அதிகம் அலைக்கழித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். டோக்கன் சரியாக இருந்தால் பயனர் பெயரைக் கோரிக்கை ரெகார்டின் 'யூசர்' புலத்தில் வைப்போம், பதிவேட்டில் பெயர் வர வேண்டும் என்பதற்காக. சோதனையின்போது நிலையான ஒரு பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி வைத்தேன். பதிவேட்டில் அழகாக வந்தது. உண்மையான பெயரை வைத்ததும் பதிவேட்டில் பாதிப் பெயர், வேறொருவர் பெயரின் வால், சில வேளைகளில் பொருளற்ற எழுத்துகள் வந்தன. நிலையான எழுத்துச்சரம் நூலகம் இருக்கும்வரை நினைவகத்தில் இருக்கும். இயக்கத்தின்போது உருவாகும் எழுத்துச்சரத்தை (ஆன்சி ஸ்ட்ரிங்), அதைக் குறிப்பவர் எவரும் இல்லை என்றானதும், அதாவது நம் செயற்கூறு முடிந்தவுடன், பாஸ்கல் விடுவித்துவிடுகிறது. அப்பாச்சி பதிவேட்டை எழுதுவதோ கோரிக்கை முடிந்த பிறகு. 'ஏபிஆர்_பிஎஸ்டிஆர்டப்' மூலம் கோரிக்கையின் நினைவகக் குளத்தில் ஒரு படி எடுத்து அதன் சுட்டியை வைத்த பிறகே அது சரியானது.

இழைநூல்:
நண்பர் மாறிலி நேர்மையுடன் சொன்ன இந்த அனுபவமே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. ஒருவரின் பெயர் இன்னொருவரின் வரியில் பதிவாவது, அனுமதி தொடர்பான நிரலில் பொறுக்கத்தக்க பிழை அன்று. தனிச் செயல்முறையில் அந்தச் சுட்டி எல்லையைக் கடக்கவே கடக்காது. பைட்டுகள் மட்டுமே சாக்கெட் வழியாகச் செல்லும். மாட்யூல்தான் என்று முடிவெடுத்தால், ஒவ்வொரு ஹூக்கின் உடலையும் 'ட்ரை', 'எக்ஸெப்ட்' இரண்டுக்கும் நடுவில் வைத்து, இயங்கும்போது பிழையால் எழும் எந்த விதிவிலக்கும் சி பக்கம் கசியாமல் 500 திருப்புமாறு எழுதுங்கள். ஹூக் செயற்கூறுகள் எல்லாவற்றிலும் சி மொழியின் அழைப்பு முறையைக் குறிக்கும் 'சிடெக்ல்' இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாறிலி:
விதிவிலக்கு பற்றி இழைநூல் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆயினும் சாக்கெட் வழியாகச் சென்று வருவதற்கும் ஒரு விலை உண்டு. கூடுதலாக ஒரு செயல்முறையைக் கண்காணிக்க வேண்டும்; அது நின்றுபோனால் அப்பாச்சி உயிரோடு இருந்தும் ஒரு கோப்பும் வெளியே செல்லாது.

புதுநிரல்:
'எச்டிடிபிடி24' யூனிட்டுக்கு மாறியதும் மாட்யூல் ஏறிவிட்டது. டோக்கன் இல்லாத கோரிக்கைக்கு 403 வருகிறது. இருவர் சொன்னதையும் படித்த பிறகு, சரிபார்ப்பு முழுவதையும் அப்பாச்சியின் எந்த யூனிட்டையும் சேர்க்காத தனி யூனிட்டாகப் பிரித்துவிட்டேன். அதைச் சுற்றி மெல்லிய ஓடுகள் இரண்டு: ஒன்று மாட்யூல், மற்றொன்று '-ஜிஎச்' உடன் கட்டிய தனி எச்டிடிபி நிரல். இரண்டாவதை முதன்முறை இயக்கி நிறுத்தியபோதே, ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு பட்டியல் பொருள் விடுவிக்கப்படாமல் இருப்பதை அறிக்கை காட்டியது. எங்கள் பழைய நிரல் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் இத்தனை ஆண்டுகளாக அது வெளியே தெரியவில்லை. அதைத் திருத்திய பிறகு, ஈவென்ட் முறையில் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கொடுத்து மாட்யூலைச் சோதிக்கப் போகிறேன்.

இழைநூல்:
அந்தச் சோதனையில் டோக்கன்களை வேண்டுமென்றே சிதைத்தும் அனுப்புங்கள். சரியான டோக்கன்கள் மட்டும் வரும்வரை 'எக்ஸெப்ட்' பகுதிக்குள் நிரல் நுழையவே நுழையாது.