"மூடல் பிழை" சரிதானா? – டிராவர்ஸ் குளோஸிங் எரருக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நிலஅளவைச் சொற்பட்டியலில் டிராவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி கோணமும் தொலைவும் அளந்துகொண்டே போகும் அளவை) பகுதி முடியும் தறுவாயில் இருக்கிறது. "குளோஸிங் எரர்", "மிஸ்குளோஷர்" இரண்டுக்குமே இதுவரை "மூடல் பிழை" என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். "மூடல்" இருக்கட்டும். எனக்கு உறுத்துவது "பிழை".

ஐந்து பக்க டிராவர்ஸ் ஒன்று, சுற்றளவு 1300 மீட்டர். உட்கோணங்களின் கூட்டுத்தொகை (2×5−4)×90, அதாவது 540° வர வேண்டும். அளந்ததில் 539°59′35″ வந்தது. குறைவது 25 விநாடி. கோணத்துக்கு 5 விநாடி வீதம் கூட்டிச் சரிசெய்தபின் பக்கங்களைக் கிழக்கு, வடக்கு நகர்வுகளாகப் பிரித்துக் கூட்டினால் இரண்டும் சுழியாக வேண்டும். கிழக்கில் +0.12 மீ, வடக்கில் −0.05 மீ நிற்கிறது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.13 மீ. 1300-ஐ 0.13-ஆல் வகுத்தால் 1:10,000.

இந்த 0.13 மீட்டரைப் "பிழை" என்றால், அளவையில் மொத்தம் 13 சென்டிமீட்டர்தான் பிழை என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார். அப்படிச் சொல்ல இடமே இல்லை. பிழை என்பது அளந்ததற்கும் உண்மைக்கும் உள்ள தூரம். உண்மை யாருக்கும் தெரியாது. இதுவோ நம் கணக்குக்கும் அது வந்து சேர வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரம். இது கையில் கிடைக்கும் எண்; குறியோடு, பைசா சுத்தமாக எழுதலாம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பாடத்தின் பாதி குழம்பிவிடும்.

சொல் பரிந்துரையுங்கள். "கோண", "தொலைவு" என்ற முன்னொட்டுகள் ஏற வேண்டும், கூட்டல் கழித்தல் குறி பொருந்த வேண்டும், வினையாகவும் வர வேண்டும்.

செ.

---

> உண்மை யாருக்கும் தெரியாது. இதுவோ நம் கணக்குக்கும் அது வந்து சேர வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரம்.

ஐயா சொன்னதற்கு இன்னும் கொஞ்சம் வலு சேர்க்கிறேன். புறப்பட்ட புள்ளிக்கே திரும்பும் சுற்றில் இந்த எண் சுழியாகவே வந்தாலும் அளவை தவறாக இருக்கலாம். எப்படி என்றால்:

தொடக்கத் திசைக்கோணத்தை 1° தவறாகக் கொடுத்தாலும் முழு உருவமும் அப்படியே சுழலும், ஆனால் சரியாக மூடும். வெப்பநிலையை 10 டிகிரி தவறாகப் பதிந்தால் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தொலைவும் அளக்கும் மின்னணுக் கருவி) தரும் தொலைவுகள் ஏறத்தாழ பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, கிலோமீட்டருக்கு 1 செ.மீ., மாறும். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் மாறுவதால் உருவம் பெரிதாகும் அல்லது சிறிதாகும். மூடலில் ஒன்றும் தெரியாது. யூடிஎம் என்ற வரைபடக் கட்டத்தின் நடு மெரிடியனில் அளவுக் காரணி (தரைத் தொலைவைக் கட்டத் தொலைவாக்கும் பெருக்கெண்) 0.9996. அதைப் போடாமல் விட்டால் கிலோமீட்டருக்கு 40 செ.மீ. போகிறது. சுற்று டிராவர்ஸ் அதையும் கமுக்கமாக விழுங்கிவிடும்.

ப்ரிஸம் மாறிலி (ஒளியைத் திருப்பும் ப்ரிஸத்துக்காகத் தொலைவில் சேர்க்கும் நிலையான திருத்தம்) தவறினால் மட்டும் அரைகுறையாகக் காட்டிக்கொடுக்கும். அது விகிதமில்லை, பக்கம் ஒவ்வொன்றிலும் அதே 30 மி.மீ. சமபக்க சமகோண உருவமாக இருந்தால் அதுவும் மறைந்துவிடும். நீளமும் ஒடுக்கமுமாக ஒழுங்கின்றிப் போனால் கொஞ்சம் தலைகாட்டும்.

ஆகவே "பிழை" வேண்டாம். பேச்சு வழக்கிலிருந்து ஒன்று: வரவு செலவில் "துண்டு விழுகிறது" என்கிறோமே, அதையே எடுத்து "சுற்றுத்துண்டு" எனலாம். "25 விநாடி துண்டு விழுகிறது." வினை தானாகவே வந்துவிட்டது.

வா.

---

"துண்டு" காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் குறைந்தால்தான் துண்டு விழும். கோணக் கூட்டுத்தொகை 540°00′25″ வந்தால் என்ன விழுந்தது? இந்த எண்ணுக்குக் குறி உயிர் போன்றது. கணக்கிட்டதிலிருந்து சரியானதைக் கழித்து வருவது இது. திருத்தம் இதற்கு எதிர்க்குறி. மேலே உள்ள எடுத்துக்காட்டில் 260 மீட்டர் பக்கம் ஒன்றுக்கு பௌடிச் விதிப்படி (பக்க நீளத்தின் விகிதத்தில் திருத்தத்தைப் பங்கிடுவது) கிழக்கில் −0.12×260/1300 = −0.024 மீ, வடக்கில் +0.010 மீ. குறியை மாற்றிப் போட்டுவிட்டுச் சுற்றை மறுபடி கூட்டினால் 0.13 மீட்டர் 0.26 ஆகி நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "துண்டு" அந்தச் சறுக்கலுக்கு எண்ணெய் ஊற்றும்.

என் பரிந்துரை "மூடாமை".

நா.

---

"மூடாமை" கூடாது. மூடாத டிராவர்ஸ் என்றால் ஓப்பன் டிராவர்ஸ். சாலை, கால்வாய் வேலையில் தெரிந்த புள்ளி எதிலும் போய் முடியாமல் நீண்டுகொண்டே போவது அது. அதில் இந்த எண்ணே கிடையாது. ஒப்பிட எதுவும் இல்லாததால்தான் அதை நம்ப முடிவதில்லை. எங்கே இந்த எண் இல்லையோ அதையே நினைவூட்டும் சொல்லை இந்த எண்ணுக்கு வைப்பது முறையா?

"விலகல்" என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதே பாடத்தில் டிஃப்ளெக்‌ஷன் ஆங்கிளை (முந்தைய கோட்டின் நீட்சியிலிருந்து அடுத்த கோடு திரும்பும் கோணம்) "விலகு கோணம்" என்கிறோம். "கோண விலகல்", "விலகு கோணம்" இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். "எச்சம்" ரெசிடுவலுக்கு (அளவீட்டுக்கும் அதன் சரிக்கட்டிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு) வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டால் மீச்சிறு வர்க்கமுறைப் பாடத்தில் கையை விரிக்க வேண்டியதுதான். இரண்டும் ஒன்றல்ல. ஐந்து கோணம், ஐந்து தொலைவு, ஆக பத்து அளவீடு, ரெசிடுவலும் பத்து. நாம் பெயர் தேடுவதோ அதே சுற்றில் மூன்றே மூன்று: கோணத்தில் ஒன்று, கிழக்கில் ஒன்று, வடக்கில் ஒன்று. அளவீட்டுக்கு ஒன்று எச்சம், நிபந்தனைக்கு ஒன்று இது.

"பிசகு" என்ற சொல்லையும் தொடாதீர்கள். அதை பிளண்டருக்கு வைத்திருக்கிறேன். 187.46-ஐ 178.46 என்று எழுதுவது, தவறான ப்ரிஸத்தைப் பார்ப்பது, ஸ்டாஃபில் (மட்ட அளவைக் கோலில்) ஒரு மீட்டர் மாற்றிப் படிப்பது, இவை பிசகு. பௌடிச் விதியால் பிசகைப் பங்கிட முடியாது. பங்கிட்டால் நல்ல புள்ளிகளும் சேர்ந்து கெடும்.

மு.

---

பிசகைப் பற்றி மு. சொன்னதோடு ஒட்டிய ஒன்று. இந்த எண்ணுக்கு அளவு மட்டுமல்ல, திசையும் உண்டு என்பதைச் சொற்பட்டியல் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். களத்தில் அதன் முக்கியப் பயனே அதுதான்.

ஒரே ஒரு தொலைவில்தான் பிசகு என்றால், மூடாமல் நிற்கும் கோட்டின் திசை அந்தப் பக்கத்தின் திசையோடு ஒத்துப்போகும். +0.12, −0.05 என்றால் திசைக்கோணம் ஏறத்தாழ 112°37′. இதே விகிதத்தில் 1.3 மீட்டர் வந்திருந்தால் 112° அல்லது 292° அருகே ஓடும் பக்கத்தை முதலில் மறுபடி அளக்க வேண்டும். ஒரே ஒரு கோணத்தில் பிசகு என்றால், கோணங்களைப் பங்கிடாமலேயே வரைந்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட கோட்டுக்கு நடுச்செங்குத்து போட வேண்டும். அது எந்த நிலையத்தின் பக்கமாகப் போகிறதோ அங்கே கருவியை மறுபடி வைக்கலாம். அந்த நிலையத்திலிருந்துதான் மிச்ச டிராவர்ஸ் முழுவதும் சுழன்றிருக்கிறது என்பது காரணம். இரண்டு பிசகு இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

சிறு எண் வந்தால் பெரும்பாலும் மையப்படுத்தல்தான் காரணம். 100 மீட்டர் பார்வைக்கு ப்ரிஸம் பக்கவாட்டில் 3 மி.மீ. தள்ளியிருந்தால் கோணத்தில் 6 விநாடி. 30 மீட்டர் பார்வைக்கு அதே 3 மி.மீ. 20 விநாடியைத் தாண்டும். கருவி 1 விநாடி வரை படிக்கும் என்ற பெருமை அங்கே செல்லாது. குட்டைப் பக்கங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

சொல்லுக்கு வருகிறேன். "அடைவு" என்று தொடங்கிப் பாருங்கள். கதவை அடைக்கிறோம், ஊரை அடைகிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர். சுற்று டிராவர்ஸ் தன்னையே அடைக்கிறது. லிங்க் டிராவர்ஸ் வேறொரு தெரிந்த புள்ளியைப் போய் அடைகிறது. "மூடல்" முதலாவதற்கு மட்டுமே பொருந்தும், "அடைவு" இரண்டையும் தாங்கும். வா. அம்மா சொன்ன திசைத் தவறும் அளவுக் காரணித் தவறும் லிங்க் டிராவர்ஸில்தான் வெளிப்படும் என்பதால் அதை விட்டுவிட முடியாது.

அடைவு வேறுபாடு. கோண அடைவு வேறுபாடு. தொலைவு அடைவு வேறுபாடு. 1:10,000 என்பது அடைவு விகிதம்.

க.

---

> தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர்.

இது பிடித்திருக்கிறது. ஆனாலும் வக்கீல் வேலை ஒருவராவது பார்க்க வேண்டுமே. இலங்கை வழக்கில் நகையை அடைவு வைப்பார்கள். அங்கே "அடைவு விகிதம்" என்றால் வட்டிக் கணக்கு என்று நினைக்கலாம். கல்வித்துறையில் "அடைவுத் தேர்வு" இருக்கிறது. இரண்டுமே நிலஅளவைக்கு எட்டாத துறைகள் என்பதால் குழப்பம் வராது என்று என் எதிர்வாதத்துக்கு நானே பதிலும் சொல்லிவிடுகிறேன்.

மட்ட அளவையில் ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. பெஞ்ச்மார்க்கில் (மட்டம் தெரிந்த குறி) புறப்பட்டு 4 கி.மீ. சுற்றி அதே பெஞ்ச்மார்க்குக்கு வந்தால், பின்நோக்குகளின் (மட்டம் தெரிந்த புள்ளியைப் பார்த்து எடுப்பவை) கூட்டுத்தொகையிலிருந்து முன்நோக்குகளின் (அடுத்த புள்ளியைப் பார்த்து எடுப்பவை) கூட்டுத்தொகையைக் கழித்து நிற்பது அடைவு வேறுபாடு. வரம்பு 12√கி.மீ. மில்லிமீட்டர் என்று வைத்தால் 24 மி.மீ.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை விளக்கத்தில் ஏற வேண்டும். களப் புத்தகத்தின் அடியில் போடும் கணக்குச் சரிபார்ப்பு அடைவு வேறுபாடு ஆகாது. பின்நோக்குக் கூட்டுத்தொகை கழித்தல் முன்நோக்குக் கூட்டுத்தொகை, கடைசி மட்டம் கழித்தல் முதல் மட்டம், இவை இரண்டும் சமமானால் கூட்டல் கழித்தல் சரி என்று மட்டுமே பொருள். ஸ்டாஃபை ஒரு மீட்டர் தவறாகப் படித்திருந்தாலும் அது சமமாகத்தான் வரும். இடைநோக்குகளோ அடைவு வேறுபாட்டுக்குள் வருவதே இல்லை. அவை மட்டத்தை அடுத்த நிலைக்குக் கடத்துவதில்லை. சுற்று 2 மி.மீ.-இல் அடைந்திருக்கும், நடுவில் எடுத்த வடிகால் மட்டம் ஒரு மீட்டர் தவறியிருக்கும். டிராவர்ஸில் பக்கவாட்டாக எடுத்த எல்லை மூலைகளுக்கும் இதே கதிதான். அவற்றை வேறு நிலையத்திலிருந்து இன்னொரு முறை பார்ப்பது அல்லது மூலைக்கு மூலை டேப் பிடிப்பது தவிர வழியில்லை.

வா.

---

ஜிஎன்எஸ்எஸ்-க்கும் (செயற்கைக்கோள் வழி இடமறியும் முறை) இது பொருந்துமா என்று பார்த்தேன். பொருந்துகிறது, ஒரு நிபந்தனையோடு. மூன்று ரிசீவர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் மூன்று பேஸ்லைன் (இரண்டு ரிசீவர்களுக்கு இடைப்பட்ட கோடு) கிடைக்கும், ஆனால் தற்சார்பானவை இரண்டே. மூன்றாவது மற்ற இரண்டின் தரவிலிருந்தே பிறந்தது. அந்த முக்கோணத்தின் அடைவு வேறுபாடு சுழியை ஒட்டி வரும். ஆன்டெனா உயரத்தைத் தவறாகக் கொடுத்திருந்தாலும் வரும். வெவ்வேறு அமர்வுகளில் எடுத்த பேஸ்லைன்களால் சுற்றை அமைத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. விளக்கத்தில் "தற்சார்பான அளவீடுகளால் அமைந்த" என்ற சொற்கள் இருக்கட்டும்.

"அடைவு"க்கு என் வாக்கு. "மூடாமை"யை திரும்பப் பெறுகிறேன்.

நா.

---

நன்றி. பட்டியலில் ஏற்ற வேண்டிய வாசகம்:

அடைவு வேறுபாடு (பெயர்): தற்சார்பான அளவீடுகளால் அமைந்த சுற்று அல்லது இணைப்பில், கணக்கிட்டுக் கிடைத்த மதிப்பிலிருந்து அது அடைய வேண்டிய மதிப்பைக் கழித்து வருவது. குறியோடு எழுதப்படும். திருத்தம் இதற்கு எதிர்க்குறி உடையது. களவழக்கு: குளோஸிங் எரர்.
வினை: அடைதல். "டிராவர்ஸ் 1:10,000-இல் அடைந்தது." "லெவல் இன்னும் அடையவில்லை."
பிழை, பிசகு, எச்சம் காண்க.

களவழக்கை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். "குளோஸ் ஆகல" என்று சொல்பவரிடம் போய் "அடையவில்லை" என்று திருத்தச் சொல்ல முடியாது. புத்தகத்தில் படித்தவர் களத்துக்குப் போனதும் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தால் போதும்.

களப் புத்தகப் படிவத்தில் இதற்கான கட்டம் 12 மி.மீ. அகலம்தான். "அ.வே." என்று சுருக்குகிறேன், வேறு சுருக்கம் இருந்தால் படிவம் அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள். டிராவர்ஸுக்கே தமிழ்ச்சொல் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள். அதை வேறு இழையில் தொடங்குவோம், அது ஒரு வாரத்தில் அடையாது.

செ.