டெம்பரரி பல் பிரிட்ஜுக்கு எந்த மெட்டீரியல் தாங்கும்?

டாக்டர்ஸ், ஒரு ஹெல்ப். பேஷன்ட் 60 வயசு தாண்டின அம்மா, கீழ்வரிசைல பின்பக்கம் 4 யூனிட் (நாலு பல் சேர்ந்த) பிரிட்ஜ், ஈறு ஆறுற வரைக்கும் 3 மாசமாவது டெம்பரரி தாங்கணும், ராத்திரி பல்லைக் கடிக்கிற பழக்கம் வேற இருக்கு. பிஸ்-அக்ரில்னா (டெம்பரரி பல்லுக்கான ஒரு ரெசின்) சூடு கம்மி, சுருக்கமும் கம்மி, மார்ஜின் (பல்லோட சேர்ற ஓரம்) அழகா உட்காருது, ஆனா இவ்ளோ நீளத்துக்கு கனெக்டர் (ஒரு யூனிட் அடுத்ததோட சேர்ற இடம்) கிட்ட டப்புனு ஒடிஞ்சிடுது. செல்ஃப் க்யூர் பிஎம்எம்ஏ (கலந்தா தானே இறுகுற அக்ரிலிக்) விலை கம்மி, ஒடிஞ்சாலும் அதே பவுடர் லிக்விட் வச்சு ஒட்டிக்கலாம், ஆனா செட் ஆகும்போது வர்ற சூடு உயிரோட இருக்கிற பல்லுக்கு ஆகாது, மோனோமர் (அந்த லிக்விட்) வாடையும் அந்தம்மாவுக்கு குமட்டுது. லேப்ல மில் பண்ண (மெஷின்ல கடைஞ்செடுத்த) பிஎம்எம்ஏ தான் சரின்னு எனக்கு தோணுது, செலவு தான் அவங்களுக்கு இடிக்குது. பிஸ்-அக்ரில்லயே உள்ள ஃபைபர் வச்சு கனெக்டரை தடிமனா பண்ணா தாங்குமா? செஞ்சு பார்த்தவங்க ப்ளீஸ் சொல்லுங்க, வியாழக்கிழமை ப்ரெப் (பிரிட்ஜுக்காக பல்லைச் செதுக்குறது) இருக்கு.