ஷான் ஓக் ஓ ஹல்பீன் ஆடிப் பார்த்தவங்க எழுதுங்க

அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸா வேலை பார்க்கிறேன். 2005 செப்டம்பர், ஹர்லிங் (மட்டையும் சின்னப் பந்தும் வச்சு ஆடுற ஐரிஷ் ஆட்டம்) ஃபைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. வார்டில் நடக்க முடிஞ்சவங்க எல்லாம் டிவி முன்னாலதான். கால்வே அணியை எங்க கார்க் அணி 1-21, 1-16 என்று ஜெயிச்சது. முதல் எண் கோல், அடுத்தது புள்ளி; ஒரு கோல் மூணு புள்ளிக்குச் சமம், அதனால 24-க்கு 19. கேப்டன் ஷான் ஓக் மேலே ஏறிப் போய் லியாம் மெக்கார்த்தி கோப்பையை வாங்கி, முழுக்க முழுக்க ஐரிஷ் மொழியிலேயே பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியல. பக்கத்தில் இருந்த பெரியவர் அழுதுட்டார். "இங்கேயே பிறந்த எனக்கு இப்படிப் பேச வராதும்மா" என்றார். ஷான் ஓக் பிறந்தது பிஜியில், அம்மா ரொட்டுமா தீவுக்காரர், சிட்னியில் வளர்ந்து 1988-ல் பதினோரு வயசில் கார்க்குக்கு வந்தவர் என்பதெல்லாம் அந்தப் பெரியவர் சொல்லித்தான் தெரியும். வெளியூரிலிருந்து வந்து இந்த ஊர்ல பிள்ளை வளர்க்கிற எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தெரியல.

நீங்க நேர்ல பார்த்திருந்தா, ஆட்டத்தைப் பத்தி எழுதுங்க.

பதில்:

அக்கா, 2004 ஃபைனலை நான் டப்ளினில் குரோக் பார்க் மைதானத்தில் பார்த்தேன். கில்கெனி அணி தொடர்ந்து மூணாவது கோப்பைக்கு வந்திருந்த வருஷம். கார்க் 17 புள்ளி, கில்கெனி மொத்தமே 9. கோலே விழாத ஃபைனல்.

டிவியில் பந்து போற பக்கம்தான் காட்டுவாங்க. நேர்ல நான் ஷான் ஓக்கை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்தேன். ஏழாம் நம்பர், இடது பக்கத் தடுப்பு. உயரத்தில் வர்ற பந்துக்கு நாலு மட்டை ஒண்ணா எழும்பும். அதுக்கு நடுவில் வெறுங்கையை நீட்டிப் பிடிக்கணும், விரல் உடையலாம். அவர் தயங்கி நான் பார்க்கல. பிடிச்சதும் தோளால் இடிச்சு வெளியே வந்து ஓட்டம். சும்மா தூரமா அடிச்சு விடாம, கையில் வச்சு ஓடி ஆள் பார்த்துக் கொடுக்கிறதுதான் அந்த கார்க் அணியோட பாணி. அதுக்கு அவர் மாதிரி நெஞ்சுரம் உள்ள ஆள் வேணும். மட்டை வித்தையில் அவரைவிட நளினமானவங்க அதே அணியில் இருந்தாங்க, ஒத்துக்கிறேன். ஆனா ஆட்டம் கைவிட்டுப் போகும்போது நான் தேடின ஆள் அவர்தான். அந்த வருஷத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைச்சது.

ரேடியோ வர்ணனையாளர் மீஹால் ஓ முரிஹர்டி சொன்னது இங்க எல்லாருக்கும் மனப்பாடம்: அப்பா ஃபெர்மானா, அம்மா பிஜி, ரெண்டுமே ஹர்லிங்குக்குப் பேர்போன இடம் இல்லை!

பதில்:

ரெண்டு பேரும் விட்ட ஒண்ணை நான் சேர்க்கிறேன். 2001-ல் கார் விபத்தில் அவருக்கு முழங்கால் போச்சு. இனி ஆடவே மாட்டார்னு பேசினாங்க. அதுக்கப்புறம்தான் 2003, 2004, 2005 மூணு வருஷமும் ஆல் ஸ்டார் அணியில் (அந்தந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரங்க பட்டியல்) இடம். இதுக்கெல்லாம் சம்பளம் கிடையாது, ஹர்லிங்கில் யாருக்குமே கிடையாது. ஃபைனல் முடிஞ்சா பேங்க் வேலைக்குத்தான் திரும்பணும்.

2010 சீசன் முடிஞ்சதும் அணியிலிருந்து எடுத்துட்டாங்க. எனக்கு இன்னும் அது ஆறல. 2012-ல் கார்க் அணி மேனேஜர் ஜிம்மி பேரி-மர்ஃபி திரும்பக் கூப்பிட்டார், 35 வயசில் வந்து ஆடினார். அரையிறுதியில் கால்வேகிட்ட தோத்ததோட சரி. அந்த ஆட்டத்துக்கு நானும் என் பையனும் போயிருந்தோம். அவன் அப்பதான் கிளப்பில் மட்டை பிடிக்கக் கத்துக்கிட்டிருந்தான். இப்பவும் ஏழாம் நம்பர் சட்டைதான் கேட்பான்.

1999-ல் ஹர்லிங் ஃபைனல் ஜெயிச்சு, ரெண்டே வாரத்தில் கேலிக் ஃபுட்பால் (அயர்லாந்தின் இன்னொரு ஆட்டம்) ஃபைனலும் ஆடினாரே, அதை நேர்ல பார்த்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க.