எம்பர் நாள்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். கிறித்தவ வழிபாட்டு நாள்காட்டி ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும், எம்பர் நாள்களில் சிக்கி நிற்கிறேன். ஆண்டுக்கு நான்கு முறை, முறைக்கு புதன், வெள்ளி, சனி என மூன்று நாள் நோன்பும் மன்றாட்டும்: தவக்காலத்தின் முதல் வாரம், பெந்தெகொஸ்தே வாரம், செப்டம்பர் 14 திருச்சிலுவை விழாவை அடுத்து, டிசம்பர் 13 லூசியா திருநாளை அடுத்து. ஆங்கிலத்தில் எம்பர் (ember) என்றால் தணல் என்பதால் பழைய வரைவில் 'தணல் நாள்' என்றிருக்கிறது. விடலாமா?

---

தணல் கூடவே கூடாது. இதற்கும் நெருப்புக்கும் உறவே இல்லை. சாம்பல் புதனோடு வேறு குழம்பும். இலத்தீனில் 'குவாத்துவோர் தெம்போரா', நான்கு காலங்கள். ஆகவே 'நாற்பருவ நோன்பு'. நாற்றிசை, நாற்படை போல நால் என்பதன் லகரம் றகரமாகத் திரியும்.

---

புணர்ச்சி சரி ஐயா, பொருள்தான் இடிக்கிறது. நமக்குப் பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் எந்த நான்கு என்று வாசகர் தேடுவார். மூலத்தில் காலம் என்றுதானே இருக்கிறது? 'நாற்கால நோன்பு' போதும்.

---

நாற்கால என்றதும் நாற்காலிதான் கண்ணில் நிற்கும். அதைவிட, நோன்பு என்ற சொல்லைப் பாருங்கள். நோல் என்ற வேர். நோற்றல், நோன்மை எல்லாம் அதன் கிளை. 'உற்றநோய் நோன்றல்' என்கிறது குறள். பொறுத்தல்தான் அடிப்படை, பட்டினி பிறகு வந்தது. 'உபவாசம்' போட்டால் இந்த ஆழம் போய்விடும்.

---

ஆழம் இருக்கட்டும். சபைகளில் பலர் உபவாசம் என்றுதான் சொல்கிறார்கள். கத்தோலிக்கப் பெரியவர்களுக்கு 'ஒருசந்தி' (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) இன்னும் நெருக்கம். படிக்கிறவருக்குப் புரியாத தூய்மையை வைத்து என்ன செய்வது?

---

அனைவருக்கும் நன்றி. நோன்பு எல்லாருக்கும் புரியும் என்பதால் 'நாற்பருவ நோன்பு நாள்கள்' என்றே அனுப்புகிறேன். பெரும்பாலானோர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அடியில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன்.

---

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள் அம்மா. 1969 நாள்காட்டிச் சீர்திருத்தத்துக்குப் பின் கத்தோலிக்கத்தில் இந்நாள்கள் எப்போது, எப்படி என்பதை அந்தந்த ஆயர் பேரவையே முடிவுசெய்கிறது. எண்ணே மாறக்கூடும்போது பெயரில் நான்கை ஏன் பூட்ட வேண்டும்? 'பருவ நோன்பு' என்றால் ஆறு, நான்கு என்ற வழக்கே எழாது. அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.