ஃபார்மோனோனெட்டின்: தமிழ்ப்பெயர் வேண்டும், வியாழனுக்குள்

வணக்கம். கால்நடை மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வியாழன் அச்சுக்குப் போகிறது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனச்செடியை மேய்ந்த செம்மறிகள் சினை பிடிக்காமல் போன கதை. செடியிலுள்ள ஃபார்மோனோனெட்டின் என்ற சேர்மத்தை ஆட்டின் முதல் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஈக்குவாலாக மாற்றிவிடுகின்றன, அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை காட்டுகிறது. செடிக்கு 'மூவிலைப்புல்' என்று போட்டுவிட்டேன். சேர்மத்துக்கு 'மூவிலையம்' சரிவருமா?

—

தம்பி, குளோவர் புல்லே இல்லை, அவரைக் குடும்பம். மூவிலை என்றால் வில்வமும் மூவிலைதான். அதோடு இந்தச் சேர்மம் கொண்டைக்கடலையிலும் அதிமதுரத்திலும் உண்டு. நாளைக்கு 'அதிமதுரத்தில் மூவிலையம்' என்று எழுதிவிட்டு முழிப்பீர்கள்.

—

வேர்ச்சொல்லைப் பிடியுங்கள் ஐயா. காரக்கரைசலில் கொதிக்கவைத்தால் இது ஓனோனெட்டினும் ஃபார்மிக் அமிலமுமாக உடையும், பெயர் அங்கிருந்துதான். ஃபோர்மிகா லத்தீனில் எறும்பு. ஓனோனெட்டினுக்கு வேரான ஓனோனிஸ் என்ற செடிப்பெயரைக் கிரேக்கக் கழுதையோடு முடிச்சுப் போடுவார்கள். ஈக்குவாலோ குதிரை, 1932இல் சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது. ஆக, ஆட்டின் வயிற்றில் 'எறும்புக்கழுதையம்' குதிரையமாகிறது! சிரிக்காதீர்கள், காரணப்பெயர் கேட்டால் காரணம் இதுதான்.

—

செடிக்காவது நம்மிடம் பெயர் இருக்கிறதே. யாழ்ப்பாணத்தில் சீட்டுக்கட்டின் கலாவரை, உங்கள் பக்கத்துக் கிளாவர், இரண்டும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், அவர்கள் மொழியில் குளோவர் என்றே பொருள். 304 என்ற சீட்டாட்டம் ஆடியவர்களுக்குப் படம் போட்டுக் காட்டவே வேண்டாம்.

—

சீட்டாட்டத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். ஆய்தம் மொழிமுதலில் வராது, நன்னூல் தொட்டவர்களுக்குத் தெரியும். வடவெழுத்தை விட்டுத் தமிழெழுத்தால் எழுது என்று வடசொல்லுக்குத் தொல்காப்பியர் எச்சவியலில் காட்டிய வழி மேலைச்சொல்லுக்கும் போதும்: 'பார்மோனோனெட்டின்'.

—

ஐயா, வகுப்பில் பையன் அதைப் பார்லி, பார்லர் வரிசையில் வாசிப்பான். பிறகு ஆங்கிலப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

—

இரண்டு பேர் ஒலிபெயர்ப்பு, ஒருவர் எறும்பு, ஒருவர் சீட்டுக்கட்டு. சரி, 'ஃபார்மோனோனெட்டின்' என்றே விடுகிறேன், முதலில் வருமிடத்தில் 'குளோவரில் உள்ள, ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பொருளாக மாறும் சேர்மம்' என்று ஒரு வரி. மூவிலைப்புல்லை எடுத்துவிட்டேன். கோப்பு போய்விட்டது.

—

போகட்டும். அந்த ஆய்தத்துக்கு மட்டும் என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு எப்போது?