தொடக்கப் பள்ளிக்கு ஏற்ற தரமான அறிவியல் பாடத்திட்டம் எது?

கேள்வி (இடைநிலை ஆசிரியை):

வணக்கம். ஈராசிரியர் பள்ளியில் 3, 4, 5 வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்திக் கற்பித்து வருகிறேன். மாநிலப் பாடநூலில் 3ஆம் வகுப்பு முதலே அறிவியல் தனிப் பாடமாக உள்ளது. ஆயினும் விதை முளைக்க எவை தேவை என்று கேட்டால், ‘நீர், காற்று, வெப்பம்’ என்று ஒப்பிக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட விதையை முளைக்க வைத்துப் பார்த்தவரில்லை. செய்து பார்த்துக் கற்கும் பாடத்திட்டம் ஒன்றைப் பாடநூலோடு இணைத்து நடத்த விரும்புகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவினரும் சிறு தொகை தர இசைந்துள்ளார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்):

அம்மா, நூலைத் தேடுவதற்கு முன் ஹோசங்காபாத் அனுபவத்தை அறிந்துகொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியதுதான். என்றாலும் பள்ளிக்குப் பள்ளி சோதனைப் பொருள்கள் அடங்கிய பெட்டி, ஆசிரியர்கள் தாமே மாணவர்களைப் போல அமர்ந்து சோதனைகளைச் செய்து பார்த்த கோடைக்காலப் பயிற்சி, மாதந்தோறும் கூடித் தம் ஐயங்களைப் பேசிய கூட்டம், நூலைத் திறந்து வைத்தே எழுதிய தேர்வு என்று அதைத் தாங்கி நின்றவை அனைத்தும் நமக்கும் வேண்டியவையே. மாநில அரசு 2002இல் நிறுத்தும் வரை அது முப்பது ஆண்டுகள் நடந்ததற்குப் பாடநூல் மட்டுமே காரணமன்று என்பது என் துணிபு. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் அறிவியல் பெட்டி பீரோவுக்குள்ளேயே கிடந்தது. ஒரு லென்ஸ் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் நாங்கள் எவரும் அதைத் திறக்கவே இல்லை; அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

பதில் (4ஆம் வகுப்பு ஆசிரியர்):

மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தொடக்க வகுப்புகளுக்கென உருவாக்கிய பாடநூல்களையும் ஆசிரியர் கையேடுகளையும் பாருங்கள். பிள்ளைகள் உற்றுநோக்குவதற்கும் வரைவதற்கும் அவற்றில் நிறைய இடமுண்டு. ஆனால் தொடக்கத்திற்கு உங்கள் விதைப் பாடமே போதும். நான் மூன்று கொட்டாங்கச்சிகளில் பத்துப் பத்துப் பச்சைப்பயறு இட்டு, ஒன்றில் உலர்ந்த பஞ்சும் ஒன்றில் ஈரப் பஞ்சும் வைத்து, மூன்றாவதில் பயறு மூழ்கத் தண்ணீர் ஊற்றினேன். மூழ்கிய பயறு உப்பித் தோல் வெடித்ததோடு நின்று, நான்காம் நாள் நாற்றமெடுத்தது. தண்ணீர் நிறைய இருந்தும் ஏன் வளரவில்லை என்ற கேள்வி எழுந்தபோது நான் விடை சொல்லாமல் காத்திருந்தேன். ‘எங்கப்பா விதைநெல்லை ஊறவைத்துத் தண்ணீரை வடித்த பிறகுதானே சாக்கில் கட்டி வைப்பார்’ என்றான் ஒரு மாணவன். காற்றைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தானாகத் தொடங்கியது. உங்கள் அறையில் 3ஆம் வகுப்பினர் வரையட்டும், 4ஆம் வகுப்பினர் முளைகளை எண்ணி அட்டவணையிடட்டும், 5ஆம் வகுப்பினர் அடுத்த சோதனையைத் திட்டமிடட்டும். மதிப்பெண்ணையும் அந்தக் குறிப்பேட்டிற்கே வழங்குங்கள். ஒப்பித்த விடைக்கே மதிப்பெண் கிடைக்குமானால் பிள்ளைகள் மீண்டும் ஒப்பிக்கத்தான் செய்வார்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. குழு தரும் தொகையில் கைலென்சுகளும் ஒரு தராசும் வாங்கித் திறந்த அலமாரியில் வைக்கப் போகிறேன். உடைந்தால் பிள்ளைகளைக் கேட்பதில்லை என்று குழுவினரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் கிடைத்தால், அவர்களோடும் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பேன். விதைநெல் கொண்டுவருவதாக ஒரு மாணவி இன்றே சொல்லியிருக்கிறாள்.